1975-ல் பட்டாளத்திலிருந்து வந்த அப்பாவுக்கு இப்போது மெடல் கிடைக்குமா?

கேள்வியை ஒருமுறை என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஊர் திருத்தணிக்குப் பக்கம். அப்பா 1959 நவம்பரில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் சேர்ந்து, 1975 டிசம்பரில் நாயக்காகப் பென்ஷனில் வந்தவர். 1965 போரின்போதும் பணியில் இருந்தார், 1971-ல் கிழக்கு முனையில் பாலம் போடும் வேலையில் இருந்தார், அங்கே கையில் அடிபட்டது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மூன்று மெடல்களின் பெயர் இருக்கிறது. வீட்டில் ஒரு மெடல்கூட இல்லை, டிரங்குப் பெட்டியில் வெளிறிப்போன ரிப்பன் பட்டை ஒன்றுதான் இருக்கிறது. "உன் பேரை சேனா மெடலுக்கு எழுதுறேன்" என்று அன்றைய அதிகாரி சொன்னதாக அப்பா இன்றும் சொல்கிறார். 84 வயதில் அவற்றை வாங்க வழி உண்டா, கோர்ட்டுக்குப் போக வேண்டுமா, பென்ஷன் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. போர்க்காலத்தில் இருந்ததற்காகவும் இத்தனை ஆண்டு சேவை செய்ததற்காகவும் தகுதியுள்ள எல்லோருக்கும் வரும் மெடல்கள் ஒரு வகை. காயத்துக்கான மெடல் இரண்டாவது. வீரச்செயலுக்கான சேனா மெடல் மூன்றாவது. முதல் வகை அப்பாவுக்கு உரிமையாக வர வேண்டியது, எத்தனை வருடம் கழித்தும் கேட்கலாம். இரண்டாவது ஒரே ஒரு பழைய தாளைப் பொறுத்தது. மூன்றாவதை யாரும் விண்ணப்பித்து வாங்க முடியாது. ஒரே மனுவில் மூன்றையும் போட்டு அனுப்புவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. சேனா மெடல் என்ற சொல்லைப் பார்த்ததும் மனு வேறு மேசைக்குப் போய்விடும், எளிதாகக் கிடைத்திருக்க வேண்டியதும் அதோடு சேர்ந்து அங்கேயே கிடக்கும்.

பணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்க்கால மெடல்களுக்கும் ஆண்டுக்கணக்கு மெடல்களுக்கும் மாதப் படி எதுவும் கிடையாது. படி உள்ளவை வீர விருதுகள் மட்டும். 2017 ஆகஸ்ட் 1 முதல் மத்திய அரசு தரும் தொகை பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000. ஆகவே அப்பாவுக்கு வர வேண்டிய மெடல்கள் எல்லாம் வந்தாலும் பென்ஷன் ஒரு ரூபாய் கூடாது. கூடும் என்று யாராவது சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். படைவீரர்களின் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசில் ஆள் இருக்கிறது என்று கிராமம் கிராமமாக வரும் புரோக்கர்கள் இந்த ஆசையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

புத்தகத்தில் பெயர் இருக்கிறது, மெடல் கையில் இல்லை. இது எப்படி நடந்திருக்கும் என்று புரிந்துகொண்டால் மனுவை எப்படி எழுதுவது என்பதும் தெளிவாகும். போர் முடிந்த மறுநாளே மெடல் வந்துவிடுவதில்லை. 1965 போருக்கான ரக்ஷா மெடலும் சமர் சேவா ஸ்டாரும் ஏற்படுத்தப்பட்டது 1967 ஜனவரியில். 1971 போருக்கானவை 1973-ல். அதன் பிறகு யூனிட் தகுதியுள்ளவர்களின் பட்டியலை எடுக்க வேண்டும், ரெக்கார்ட் ஆபீஸ் அதைச் சரிபார்க்க வேண்டும், சேவை விவரங்களை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரில் பெயர் வெளியாக வேண்டும். ஆர்டர் வந்ததும் சிப்பாய் ரிப்பனை மாட்டிக்கொள்ளலாம். நம்பரும் பெயரும் பொறித்த உலோக மெடல் அதற்கும் பிறகுதான் யூனிட்டுக்கு வரும். இது வருடக்கணக்கில் தாமதமாவது பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பணியில் இருப்பவர்களே பரேடுக்காகக் கடையில் நகல் வாங்கி மாட்டிக்கொள்வது வழக்கம். 1975-ல் வெளியே வந்த ஒருவர் ரிப்பனோடு மட்டும் ஊர் திரும்பியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த வெளிறிய பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் ஒவ்வொரு நிறத் துண்டும் ஒரு மெடல். புத்தகத்தில் மூன்று பெயர் இருந்து பட்டையில் ஐந்து துண்டு இருந்தால், விட்டுப்போன இரண்டும் பார்ட் டூ ஆர்டரில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அப்பாவின் சேவைக்காலத்தை வைத்து எவை வரலாம் என்று பார்ப்போம். 1965 செப்டம்பர் 5 அன்று படையின் கணக்கில் இருந்து, அதற்குள் 180 நாள் சேவை முடித்தவர்களுக்கு ரக்ஷா மெடல். எந்த மாநிலத்தில், எந்தக் கேம்ப்பில் இருந்தார் என்பது இதற்குத் தேவையில்லை. 1959-லேயே சேர்ந்தவர் என்பதால் இது அப்பாவுக்கு உறுதி. சமர் சேவா ஸ்டார் அப்படியல்ல. 1965 ஆகஸ்ட் 5 முதல் 1966 ஜனவரி 25 வரையிலான காலத்தில் போர்ப் பகுதியில் இருந்திருக்க வேண்டும். அப்போது அவருடைய கம்பெனி எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். 1971 டிசம்பர் போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். இவற்றோடு சங்கிராம் மெடலும் சேர்ந்து வரும். அது 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை குறிப்பிட்ட எல்லை மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்கானது. நீங்கள் சொன்னது சரியாக இருந்தால் பூர்வியும் சங்கிராமும் அப்பாவுக்கு வர வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்ததால் சுதந்திர வெள்ளிவிழா மெடல் உண்டு. சேவை 16 ஆண்டு என்பதால் 9 ஆண்டு நீண்ட சேவை மெடலைக் கேட்கலாம், 20 ஆண்டு மெடல் வராது. 1962-ல் நேஃபாவிலோ (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) லடாக்கிலோ இருந்திருந்தால் 1947-ஆம் ஆண்டு ஜெனரல் சர்வீஸ் மெடல், அந்த இடத்தின் பெயர் பொறித்த கிளாஸ்ப்போடு (ரிப்பனில் மாட்டும் சிறு உலோகப் பட்டை). ஜம்மு காஷ்மீர், நேஃபா, அந்தமான் போன்ற கடினமான இடங்களில் மொத்தம் ஒரு வருடம் கணக்கு வந்தால் சைன்ய சேவா மெடல். அதிலும் இடத்துக்கு ஒரு கிளாஸ்ப் உண்டு. மெரிட்டோரியஸ் சர்வீஸ் மெடலையும் லாங் சர்வீஸ் அண்ட் குட் காண்டக்ட் மெடலையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவை குறிப்பிட்ட எண்ணிக்கையில், ரெட் இங்க் என்ட்ரி (தண்டனைக் குறிப்பு) இல்லாத நடத்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவை. தகுதி இருந்தது, கொடுக்கவில்லை என்று இத்தனை காலம் கழித்துக் கேட்க முடியாது.

பட்டியலில் பெயர் எப்படி விடுபடுகிறது என்பதை எஞ்சினியர் படைக்காரர்கள் கவனிக்க வேண்டும். காலாட்படை பட்டாலியன் ஒரே இடத்தில் இருக்கும். எஞ்சினியர் ஃபீல்டு கம்பெனியோ துண்டு துண்டாகப் பிரிந்து இந்தப் பிரிகேடுக்கு ஒரு பிளாட்டூன், அந்தப் பிரிகேடுக்கு ஒரு பிளாட்டூன் என்று போய்விடும். பட்டியல் எடுக்கிற நாளில் ஒருவர் ஆஸ்பத்திரியிலோ கோர்ஸிலோ லீவிலோ வேறு யூனிட்டோடு இணைப்பிலோ இருந்தால், தன் யூனிட்டின் பட்டியலிலும் இருக்க மாட்டார், போன யூனிட்டின் பட்டியலிலும் இருக்க மாட்டார். அப்பா கையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்கள் அப்படிப்பட்ட இடைவெளியாக இருக்கலாம். அதனால் எந்தக் கம்பெனி, எந்த மாதம், எந்த இடம், எந்த ஆஸ்பத்திரி என்று அவர் நினைவிலிருந்து ஒரு தாளில் இப்போதே எழுதி வையுங்கள். தேதி சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. ஆற்றின் பெயர், பக்கத்து ஊர், கூட இருந்த சுபேதாரின் பெயர் எல்லாம் உதவும். யூனிட்டின் வார் டயரியில் அது அன்றைக்கு எங்கே இருந்தது என்று பதிவு இருக்கும். பழைய வார் டயரிகள் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குப் போகிறவை. தேவைப்பட்டால் அங்கே தேட இந்தத் தாள்தான் ஆரம்பம்.

இனி வேலை. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் எடுங்கள். பழைய தாள் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், சூட்டில் மை பரவி எழுத்து போய்விடும். விட்டுப்போன மெடலின் பெயரை நாமே பேனாவால் சேர்த்து எழுதிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மை வேறு, கையெழுத்து வேறு, பக்கத்தில் அதிகாரியின் முத்திரை இல்லை. அந்த ஒரு வரியால் புத்தகம் முழுவதும் திருத்தப்பட்டது என்ற சந்தேகத்துக்கு வந்துவிடும். அப்புறம் உண்மையாக எழுதப்பட்ட மூன்றையும் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம். எங்கே எழுதுவது என்பது ஊரைப் பொறுத்ததல்ல, படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.-க்கு (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத், டி.எஸ்.சி.-க்கு (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) கண்ணூர். கப்பற்படைக்காரர்கள் மும்பை மான்குர்த்தில் உள்ள மாலுமிகள் பீரோவுக்கும், விமானப்படையினர் டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீசுக்கும் எழுத வேண்டும். ரெஜிமென்ட்டில் இருந்து வந்தபின் டி.எஸ்.சி.-யில் மறுபடி சேர்ந்தவர்களுக்கு இரண்டு இடத்திலும் தனித்தனி ஆவணம் இருக்கும். முதல் சேவையின் மெடலை டி.எஸ்.சி. ரெக்கார்டில் தேடிப் பயனில்லை.

கடிதம் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். தலைப்பிலேயே ராணுவ நம்பர், ரேங்க், பெயர், டிரேடு, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நம்பர். நம்பரின் கடைசியில் ஆங்கில எழுத்து ஒன்று இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். அதற்குக் கீழே மூன்று கேள்விகளை மூன்று தனி எண்களில் கேளுங்கள். ஒன்று, அவருடைய ஷீட் ரோல் (சேவை விவரப் பதிவு) மற்றும் பார்ட் டூ ஆர்டர்களின்படி எந்தெந்த மெடல்கள், கிளாஸ்ப்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன, ஆர்டர் எண்ணும் தேதியும் என்ன? இரண்டு, அவற்றில் எவை எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டன? மூன்று, அனுப்பப்படாதவற்றை இந்த முகவரிக்கு அனுப்பவும். "மெடல் தரவும்" என்று ஒரே வரியில் கேட்டால், "இருப்பு இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்து விஷயம் முடிந்துவிடும். முதல் கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தால் அதுதான் அத்தாட்சி. உலோகம் இரண்டு வருடம் கழித்து வந்தாலும், எது எது அப்பாவுக்கு உரியது என்பது அன்றே முடிவாகிவிடும்.

வாங்கவே இல்லை என்பதையும் தொலைந்துவிட்டது என்பதையும் கடிதத்தில் குழப்பாதீர்கள். வாங்காத மெடலைத் தருவது அவர்கள் பொறுப்பு. வாங்கித் தொலைத்த மெடலுக்கு மாற்று கேட்பது வேறு நடைமுறை, எப்படித் தொலைந்தது என்ற விளக்கமும் போலீஸ் புகார் நகலும் கேட்பார்கள், விலையும் கட்ட வேண்டிவரலாம். நிறைய பேர் பேச்சுவழக்கில் "மெடலெல்லாம் எங்கேயோ போச்சு" என்று சொல்வதை எழுதித் தருபவர் தொலைந்ததாக எழுதிவிடுகிறார். அப்பாவிடம் ஒவ்வொரு மெடலையும் தனித்தனியாகக் கேளுங்கள். உலோகமாகக் கையில் வாங்கினாரா, பெட்டியோடு வந்ததா, ரிப்பன் மட்டும்தானா என்று கேட்டால் நினைவு வரும்.

கடிதத்தோடு டிஸ்சார்ஜ் புத்தக நகல், பி.பி.ஓ. நகல், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை நகல், ஆதார் நகல் வையுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தின் நகலை நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் வழியாகவும் அனுப்பச் சொல்லுங்கள். அது கட்டாயம் இல்லை, ஆனால் அலுவலகக் கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வருவது உண்டு.

எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டும் இரண்டு சிக்கல். அப்பா சேர்ந்த 1959-ல் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துக்கு, செங்கல்பட்டு ஜில்லாவுக்கு வந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டம். அதனால் ரெக்கார்டில் சொந்த ஊர் விலாசம் ஆந்திரா, சித்தூர் என்று இருக்கும், ஆதாரில் தமிழ்நாடு, திருவள்ளூர் என்று இருக்கும். விளக்காமல் அனுப்பினால் இரண்டு வேறு ஆட்கள் என்று நினைத்துத் திருப்பிவிட இடமுண்டு. எல்லை மாற்றத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி, பழைய விலாசத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். பின்கோடு விடாமல் எழுதுங்கள். பாலக்காட்டிலும் ஒரு சித்தூர் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் போக வேண்டிய கடிதம் ஆந்திரா போய்ச் சுற்றிவருவதும், இங்கே வர வேண்டியது அங்கே போவதும் நடக்கக்கூடியதுதான். நகரிப் பக்கம் குடியேறிவிட்டவர்கள் ஆந்திராவின் ஜில்லா சைனிக் வெல்ஃபேர் ஆபீசையும், பாலக்காட்டுக்காரர்கள் அந்த ஜில்லா ஆபீசையும் அணுக வேண்டும். இப்போது குடியிருக்கும் இடம்தான் கணக்கு, சேர்ந்த இடம் அல்ல.

இன்னொன்று பெயர். அன்றைய ரெக்ரூட்டிங் கிளார்க் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் வீட்டில் முனுசாமி, தெலுங்கு பேசுபவர் வாயில் முனிசுவாமி. இனிஷியலாக ஒருவர் தகப்பன் பெயரைச் சொல்வார், இன்னொருவர் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயரை முன்னால் போடுவார். இன்றைய ஆதாரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். இதற்காக ராணுவ ரெக்கார்டில் பெயரைத் திருத்தப் போகாதீர்கள், அது தனி வழக்கு, வருடங்கள் ஆகும். கடிதம் முழுவதும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து பயன்படுத்துங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இணைத்தால் போதும். மெடலில் பொறிக்கப்படுவதும் ரெக்கார்டில் உள்ள பெயர்தான்.

இரண்டு மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் இந்திய ராணுவத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம், அல்லது 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரை அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பெயரில் எடுத்துத் தபாலில் அனுப்பலாம். நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். இதில் மெடலைக் கேட்காதீர்கள், தகவலை மட்டும் கேளுங்கள். "ஏன் தரவில்லை" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. "ஷீட் ரோலின் நகல், மெடல்கள் குறித்த பார்ட் டூ ஆர்டர் நகல், மெடல் அனுப்பிய பதிவேட்டின் சம்பந்தப்பட்ட பக்கத்தின் நகல்" என்று தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பம் அப்பாவின் பெயரில், அவர் கையெழுத்தில் இருக்கட்டும். மகன் பெயரில் கேட்டால் வேறொருவரின் சொந்தத் தகவல் என்று மறுக்க இடம் உண்டு.

ஆவணம் அழிந்திருக்குமோ என்ற பயம் உங்களுக்கு அதிகம் வேண்டாம். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவது விதி. பென்ஷன் வாங்குபவர்களுடையது அதைவிட நீண்ட காலம் இருக்கும், அப்பா அந்தப் பிரிவு. உங்கள் ஊரில் ஐந்தாறு வருடம் மட்டும் இருந்து வந்தவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் லாங் ரோல் மட்டுமே. அது நிரந்தரப் பதிவேடு. ஆனால் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் போன்ற சில கட்டங்களே அதில் இருக்கும். தேதியை மட்டும் பொறுத்த ரக்ஷா மெடலைப் போன்றவற்றைக் கேட்க லாங் ரோலே உதவும். இடத்தைப் பொறுத்த ஸ்டார்களுக்கு அது போதாது, கையில் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகம்தான் ஒரே சாட்சி. அந்தப் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. அது போனால் ரெக்கார்ட் ஆபீஸ் இருப்பதைப் பார்த்து ஒரு சான்று தரலாம், ஆனால் அழிந்த ஆவணத்திலிருந்து எதையும் எடுத்துத் தர முடியாது.

காயத்துக்கு வருவோம். வூண்டு மெடல் எனப்படும் பராக்ரம் பதக் எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கானது. ஷெல் சிதறல் பட்டது என்றால் அது. பாலத்தின் இரும்புப் பேனல் நழுவிக் கையில் விழுந்தது என்றால், போர்க்களத்தில் நடந்திருந்தாலும், அது இந்த மெடலுக்குள் வராது. ஒரே இரவில் பேனல் தூக்கும்போதே ஷெல்லும் விழுந்திருக்கலாம். அதைத் தீர்மானிப்பது அன்றைய பார்ட் டூ ஆர்டரில் அவர் பேட்டில் கேஷுவல்டி (எதிரி தாக்குதலில் காயம்) என்று பதிவானாரா, ஃபிசிக்கல் கேஷுவல்டி (விபத்து போன்றவற்றில் காயம்) என்று பதிவானாரா என்ற ஒரே சொல். அந்த ஆர்டரின் நகலைத் தனியாகக் கேளுங்கள். பேட்டில் கேஷுவல்டி என்று இருந்தால் அதை இணைத்து இந்த மெடலுக்கு இரண்டாவது கடிதம் எழுதலாம். இல்லையென்றால் அப்பாவின் நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பதிவை மாற்றுவது மிகக் கடினம். கையின் ஊனத்துக்கான பென்ஷன் என்பது வேறு விஷயம், மெடிக்கல் போர்டு சம்பந்தப்பட்டது. அதை மெடல் கடிதத்தில் எழுத வேண்டாம்.

சேனா மெடலைப் பற்றி உங்களுக்கு ஏமாற்றம் தரும் பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீர விருது கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரையில் தொடங்குகிறது. என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதி பிரிகேடு, டிவிஷன், கோர், கமாண்ட் என்று படிப்படியாக மேலே போகும். ஒவ்வொரு படியிலும் நிறுத்தலாம், தரத்தைக் குறைக்கலாம். கடைசியில் ராணுவத் தலைமையகம், அமைச்சகம், குடியரசுத் தலைவர். அதிகாரி "எழுதுகிறேன்" என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம், அவர் எழுதியும் இருக்கலாம். மேலே போன பல நூறு பரிந்துரைகளில் சிலவே விருதாகின்றன. சம்பந்தப்பட்டவரோ மகனோ விண்ணப்பிக்க வழியே இல்லை. பரிந்துரை போனதா என்று ஆர்.டி.ஐ.-யில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம், 50 வருடத்துக்கு மேலான கோப்பு கிடைக்கும் என்று நம்பிக்கை வைக்காதீர்கள். நீதிமன்றங்களும் வீரத்தை எடைபோடுவதைப் பொதுவாக ராணுவத்திடமே விட்டுவிடுகின்றன.

கோர்ட் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். ராணுவச் சேவை விஷயங்களுக்கு 2007-ஆம் ஆண்டு சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தமிழ்நாட்டிலோ ஆந்திராவிலோ குடியிருந்தால் சென்னை அமர்வு, கேரளாவில் என்றால் கொச்சி. இறுதி உத்தரவு வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். பார்ட் டூ ஆர்டரில் பெயர் இருந்தும் மெடல் தர மறுத்து எழுத்தில் பதில் வந்தால் மட்டும் அங்கே போவதில் அர்த்தம் உண்டு. அந்தத் தாள் கையில் இல்லாமல் போனால் தீர்ப்பாயம் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். போர்க்கால மெடலுக்காக 84 வயதுக்காரரை வக்கீல் வீட்டுப் படியேற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

உலோகம் வரும்வரை கடையில் நகல் வாங்கி மாட்டலாமா என்றும் யோசிப்பீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்திலோ ரெக்கார்ட் ஆபீஸ் கடிதத்திலோ உள்ள மெடல்களின் நகலை அப்பா அணிவதை யாரும் தவறு சொல்ல மாட்டார்கள். சுதந்திர தினத்தன்று பஞ்சாயத்து ஆபீசில் கொடியேற்றும்போது அவர் நெஞ்சில் அவை இருப்பது நியாயம்தான். பட்டியலில் இல்லாத ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். பழைய பொருள் விற்பவர்களிடம் ஒரிஜினல் என்று வாங்காதீர்கள். அதன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வேறொரு சிப்பாயின் நம்பரும் பெயரும் இருக்கும், அது அவர் வீட்டுக்குப் போக வேண்டியது.

அப்பா இருக்கும்போதே கடிதம் போகட்டும். கையெழுத்து அவருடையதாக இருந்தால் வேலை பாதி. அவருக்குப் பிறகு என்றால் முதல் உரிமை அம்மாவுக்கு. அம்மாவின் பெயரும் பி.பி.ஓ.-வில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அம்மாவும் இல்லாதபோது தமிழ்நாட்டில் வாரிசுச் சான்று, ஆந்திராவில் ஃபேமிலி மெம்பர் சர்டிஃபிகேட், மற்ற பிள்ளைகளின் சம்மதக் கடிதம் என்று தாள்கள் கூடும்.

பார்சல் வந்ததும் பிரித்து நேராகப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மெடலையும் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பையும் பின்புறத்தையும் படியுங்கள். நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு பொருந்துகிறதா, கிளாஸ்ப் கேட்டபடி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் உடனே போட்டோ எடுத்து, மெடலைக் கையில் வைத்துக்கொண்டே எழுத்தில் தெரிவியுங்கள். திருத்தித் தர எப்படித் திருப்பி அனுப்புவது என்று அவர்கள் பதில் எழுதிய பிறகு அனுப்பினால் போதும்.